பாதி வசனம்

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய கன்டெய்னர் கிடங்கின் வாசலில் ஓர் எடைமேடை உண்டு. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் அதில் ஏறி நின்று, எடை பார்த்து, சீட்டு வாங்கிக்கொண்டு போகும். அந்தச் சீட்டைப் போட்டுக் கொடுப்பவன் நோயல். வயது நாற்பத்திரண்டு. பதினாறு வருடங்களாக அதே கண்ணாடி அறையில், அதே நாற்காலியில்தான் வேலை.

அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை, அவனாகவே எடுத்துக்கொண்டான். நாலு வருடங்களுக்கு முன்னால் ஒரு டிரைவர் சீட்டு வாங்க வந்தபோது, "அண்ணே, நீ சர்ச்சுக்குப் போறவன்தானே? பிதா, குமாரன், ஆவின்னு மூணு பேரு சொல்றீங்கோ, அப்பால ஒரே கடவுள்ன்றீங்கோ. கணக்கு இடிக்குதே?" என்று கேட்டான். நோயல் அன்று சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்து அவனுக்கு அனுப்பினான். அவன் அதை நாலு பேருக்கு அனுப்பினான். அப்படித்தான் 'வேதம் என்ன சொல்லுது' என்ற வாட்ஸ்அப் குழு உண்டானது. இப்போது அதில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். டிரைவர்கள், அவர்கள் மனைவிமார்கள், ராயபுரத்தில் அவன் போகும் சபையின் ஆட்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள்.

கேள்விகள் தினமும் வந்தன. பக்கத்து வீட்டில் படைத்த பொங்கலைச் சாப்பிடலாமா? ஞானஸ்நானம் எடுக்காமல் செத்துப்போன அப்பா எங்கே இருப்பார்? பிசாசு மெய்யாகவே உண்டா? கடவுள் நல்லவர் என்றால் என் பிள்ளைக்கு ஏன் இந்த நோய்? நோயல் ஒரு லாரி இறங்கி அடுத்த லாரி ஏறுவதற்குள் பதில் சொல்லிவிடுவான். வசனங்கள் அவன் நாக்கு நுனியில் இருந்தன. "கேட்ட வாய் மூடறதுக்குள்ள பதில் வந்துடும்" என்று டிரைவர்கள் சொல்வதைக் கேட்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. இளம்பெண்ணின் குரல். யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் தணிந்து பேசினாள்.

"அண்ணா, கல்யாணம் ஆயி நாலு வருசம் ஆவுது. வூட்டுக்காரரு சபைக்குப் போறவருதான். கோவம் வந்தா கை நீட்டிடறாரு. இப்போ அம்மா வூட்டுக்கு வந்து பத்து நாளாச்சு. திரும்பி வந்துடுன்றாரு. அம்மா போவாதன்றாங்கோ. நான் போவலன்னா அது பாவமாண்ணா? வேதத்துல இன்னா போட்டுகீது?"

வெளியே மூன்று லாரிகள் வரிசையில் நின்றன. ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நோயல் அந்தப் பதிவை ஒருமுறைதான் கேட்டான். அது அவனுக்குக் கடினமான கேள்வியாகப் படவில்லை. செல்போனை வாயருகே வைத்துக்கொண்டு, பதில் சொல்லும்போது மட்டும் வரும் அந்தக் கணீர்க் குரலில் பேசினான்.

"சகோதரி, தள்ளிவிடுதலை, அதாவது விவாகரத்தைத் தாம் வெறுப்பதாகக் கர்த்தர் மல்கியா தீர்க்கதரிசி மூலமாகச் சொல்லியிருக்கிறார். பேச்சே இல்லாமல், நடத்தையினாலேயே ஒரு மனைவி தன் கணவனை ஆதாயப்படுத்தி நல்வழிக்குக் கொண்டுவர முடியும் என்று பேதுரு எழுதியிருக்கிறார். ஆகையால் உங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போங்கள். பொறுமையாய் இருங்கள். ஜெபம் பண்ணுங்கள். உங்கள் கண்ணீர் வீணாகாது."

இரண்டு நிமிடம் நாற்பது நொடி. அவளுக்கு அனுப்பினான். வழக்கம்போல் கேட்டவரின் எண்ணும் குரலும் இல்லாமல் கேள்வியைத் தட்டச்சு செய்து, பதிலைக் குழுவிலும் போட்டான். பிறகு கதவைத் திறந்து, ஹாரன் அடித்தவனை இரண்டு வார்த்தை திட்டிவிட்டுச் சீட்டுப் போட்டான்.

பத்து நிமிடத்தில் அவளிடமிருந்து பதில் வந்தது. "சரிண்ணா. அப்போ நாளைக்குப் போறேன்."

நோயல் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினான்.

அவன் மனைவி டெய்சி அரசு மருத்துவமனையில் செவிலியர். காயம்பட்டு வருபவர்களுக்குக் கட்டுப்போடும் அறையில் அவளுக்கு வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, முகம் கழுவி, பீன்ஸை நறுக்க உட்கார்ந்தவள், பழக்கப்படி செல்போனில் குழுவின் பதிவை ஓடவிட்டாள். நோயல் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். பதிவு முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாரு இது?"

"தெரியல. புது நம்பரு."

"அவளுக்கு எங்க அடிபட்டு கீதுன்னு கேட்டியா?"

"அவ அதைப் பத்தி ஒன்னும் சொல்லலையே. போவாம இருக்கறது பாவமா இல்லையான்னுதான் கேட்டா."

"அவ சொன்னாளான்னு கேக்கல. நீ கேட்டியான்னு கேட்டேன்."

நோயல் டம்ளரை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"வாரத்துக்கு மூணு பேரு வர்றாளுங்கோ எங்கிட்ட. பல்லு போயி, கை ஒடிஞ்சி. எப்பிடிம்மா ஆச்சுன்னா மாடிப்படில வுழுந்துட்டேன்றாளுங்கோ. அட்ரஸ் எழுதறப்போ பாத்தா ஓட்டு வூடு. ஓட்டு வூட்டுக்கு ஏது மாடிப்படி? அதுல பாதிப் பேரு ஏற்கெனவே ஒருவாட்டி வந்துட்டுப் போனவளுங்கோ. யாரோ ஒருத்தரு சமாதானம் சொல்லி அனுப்பி வெச்சிருப்பாங்கோ. அது யாருன்னு நான் நெனச்சிப் பாத்ததேயில்ல."

"நானா சொன்னேன்? வேதத்துல இருக்கறதத்தான் சொன்னேன்."

டெய்சி எழுந்து போய் அலமாரியிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்துவந்தாள். மல்கியா பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகம். தேடவே வேண்டியதில்லை. அந்த இடத்தில் விரலை வைத்து அவன் பக்கம் திருப்பினாள்.

"நீ எங்க நிறுத்தின?"

"வெறுக்கிறார்ன்ற எடத்துல."

"அங்க புள்ளி கீதா?"

அங்கே முற்றுப்புள்ளி இல்லை. அரைப்புள்ளிதான் இருந்தது. அதற்குப் பிறகும் அதே வசனம் ஓடியது. கொடுமையைத் துணிபோலப் போர்த்திக்கொள்கிறவனைப் பற்றி, கட்டியவளுக்குத் துரோகம் செய்யாமல் எச்சரிக்கையாக இரு என்று ஆண்களைப் பார்த்து அது பேசியது. அந்த அதிகாரம் முழுவதுமே ஆண்களைப் பார்த்துத்தான் பேசியது. வீட்டை விட்டு ஓடிவந்த பெண்ணைக் குறித்து அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

நோயல் அதை நூறு முறையாவது படித்திருப்பான். ஆனால் மனப்பாடம் செய்தது அரைப்புள்ளி வரைக்கும்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. அவனும் அங்கேயே நின்றுவிட்டான்.

அந்த எண்ணைக் கூப்பிட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். "தங்கச்சி, இன்னும் போவாத. நான் சொன்னதுல ஒன்னு பாக்கி கீது. போன் பண்ணு" என்று அனுப்பினான். ஒரே ஒரு டிக்தான் விழுந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது போன் அணைக்கப்பட்டிருந்தது.

புதன்கிழமை அவனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து கண்ணாடி அருகே நின்றான், திரும்பி வந்து உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். இரண்டு வண்டிகளின் எண்களை மாற்றிப் பதிந்து, சூப்பர்வைசர் கருணாகரனிடம் திட்டு வாங்கினான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை அழுத்தினான். பேர் தெரியாது. ஊர் தெரியாது. அம்மா வீடு எங்கே, கணவன் வீடு எங்கே, எதுவும் தெரியாது. தொள்ளாயிரம் பேரிடம் விசாரிக்கலாம். ஆனால் அந்தத் தொள்ளாயிரம் பேரில் அவள் கணவனும் இருந்தால் என்ன ஆகும்? விரல் அங்கேயே நின்றுவிட்டது.

லாரி இல்லாத நேரத்தில் வேதத்தைப் புரட்டினான். பதில் தேடி அல்ல, கை சும்மா இருக்க முடியாமல் புரட்டினான். சவுல் ராஜா ஈட்டியை எறிகிறான், தாவீது விலகி ஓடுகிறான். தாவீதின் மனைவி அவனை ஜன்னல் வழியாக இறக்கி அனுப்புகிறாள். பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்குகிறார்கள். இயேசுவின்மேல் கல்லெறியக் கை ஓங்கியபோது அவர் மறைந்து வெளியே போகிறார். வேதம் முழுக்க ஓடியவர்கள் இருந்தார்கள். ஈட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பொறுமையாக ஜெபம் பண்ணு என்று தாவீதிடம் யாரும் சொல்லவில்லை. இவ்வளவும் அவனுக்குத் தெரிந்த கதைகள். ஞாயிறு பள்ளியில் அவனே சொல்லிக்கொடுத்த கதைகள். செவ்வாய்க்கிழமை மதியம் இவற்றில் ஒன்றுகூட அவன் ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டிலும் அப்படித்தான். டெய்சி சோறு போட்டாள். பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

"நாளைக்கு எனக்கு லீவு. எதுனா தெரிஞ்சா போன் பண்ணு, நானும் வர்றேன்" என்றாள் டெய்சி.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஜெரால்டின் வண்டி எடைமேடையில் ஏறியது. ஜெரால்டு எர்ணாவூர்க்காரன், முப்பது வயது டிரைவர். வாரத்தில் மூன்று நாள் இந்த வழியாகப் போகிறவன். வண்டியின் முன்கண்ணாடியில் சிலுவை ஒட்டியிருப்பான். நோயலின் பதிவுகளைக் கேட்டுவிட்டு மற்ற டிரைவர்களுக்கு அனுப்புவதில் முதல் ஆள். சீட்டு வாங்க அறைக்கு வந்தவன், கையில் இருந்த இனிப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தான்.

"ஸ்தோத்திரம் அண்ணே. எடுத்துக்கோ. உன்னாலதான்."

"இன்னா விசேஷம்?"

"பொண்டாட்டி கோச்சிகினு அம்மா வூட்டாண்ட போய்ட்டா அண்ணே. காசிமேட்ல. நானும் எத்தினிவாட்டி கூப்ட்டுப் பாத்தேன், அவ அம்மாக்காரி வுட மாட்டேன்னுட்டா. செவ்வாக்கெழம நீ ஒரு மெசேஜ் போட்ட பாரு, அதை அப்பிடியே எடுத்துகினு போயி அவங்க வூட்டு வாசல்ல சத்தமா போட்டேன். நான் சொல்லல, வேதம் சொல்லுதுன்னேன். அவளும் ஏற்கெனவே கேட்டிருக்கா போல. ஒன்னும் பேசல. நேத்து காலீல வந்துட்டா."

நோயல் கை கணினியின் மேல் இருந்தது. எடை ஏறி இறங்கி நிலைபெற்றது. அவன் பார்க்கவில்லை.

"அவங்க நல்லா கீறாங்களா?"

"கீறா, கீறா." ஜெரால்டு சிரித்தான். "போன்தான் பிரச்சன அண்ணே. எப்பப்பாரு அம்மாகூடப் பேச்சு. சிம்மைக் கயட்டிட்டேன். இனிமே அமைதியா இருப்பா."

சீட்டை வாங்கிக்கொண்டு போனான். அந்த லாரி துறைமுக வரிசையில் போய் நிற்பதை நோயல் கண்ணாடி வழியாகப் பார்த்தான். வரிசை சாலையின் வளைவு வரை நீண்டிருந்தது. மூன்று மணி நேரமாவது ஆகும். டெய்சியைக் கூப்பிட்டு எர்ணாவூர் ரயில்வே கேட் அருகே வரச் சொன்னான். கருணாகரனிடம் போய் நின்றான்.

"சார், அர நாள் லீவு வேணும்."

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். நான் ஒருத்தருக்குத் தப்பா வழி சொல்லிட்டேன். போய்ப் பாக்கணும்."

கருணாகரன் அவன் முகத்தைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் அவரே எடைமேடை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

ஜெரால்டின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தெருமுனை மளிகைக் கடையில் கேட்டதும் காட்டினார்கள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சந்து, அதில் நாலாவது வீடு. டெய்சி கதவைத் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் ஒரு கதவை மட்டும் திறந்தாள். மெலிந்த தேகம். இடது காதில் பஞ்சு வைத்திருந்தாள். பஞ்சின் ஓரம் பழுப்பாக இருந்தது. பேசுபவரின் பக்கம் வலது காதைத் திருப்பித் திருப்பி நின்றாள்.

"அவரு வண்டிக்குப் போயிட்டாரே. நீங்க?"

நோயல் வாயைத் திறந்தான். அவன் பேர் சொல்வதற்கு முன்பே, முதல் இரண்டு வார்த்தைகளிலேயே, அவள் முகம் மாறியது. குரலைக் கண்டுகொண்டாள்.

"நீங்களாண்ணா?"

உள்ளே ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை. டெய்சி அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, பஞ்சை மெதுவாக எடுத்து, செல்போன் வெளிச்சத்தில் காதைப் பார்த்தாள்.

"எப்போ?"

"நேத்து சாயங்காலம்க்கா. வந்த அன்னிக்கே." அவள் அழவில்லை. "அவரு ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி அண்ணா பேசினதை வாசல்ல வந்து போட்டாரில்ல, எங்கம்மா அசிங்கமா திட்டிட்டாங்கோ. அதுக்கு."

"செவிப்பறை கியிஞ்சிகீது போல. இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும்" என்று டெய்சி நோயலிடம் சொன்னாள்.

நோயல் தரையில் உட்கார்ந்தான்.

"உன் பேரு இன்னாம்மா?"

"ஜோதிகா."

"ஜோதிகா, நான் உனக்குச் சொன்னது தப்பு."

அவள் அவனையே பார்த்தாள். "தப்பு வேதத்துலயா, உங்ககிட்டயா?"

"என்கிட்ட."

"எனக்கு அதுதான் தெரியணும்ண்ணா. நான் பொறந்தது மீன்காரங்க வூட்ல. எங்க அம்மா மாரியாத்தாவைக் கும்பிடறவங்கோ. நானு இவரைக் கட்டிகினப்போ ஞானஸ்நானம் எடுத்துகினேன். இவருக்காகன்னு எடுத்தாலும் அப்பால மெய்யாலுமே நம்பினேன். உங்க பதிலைக் கேட்டதும் அம்மா இன்னா சொன்னாங்கோ தெரியுமா? 'எங்க சாமி இப்பிடிச் சொல்லாதுடி'ன்னாங்கோ. நேத்து ராவெல்லாம் அதுதான் ஓடிகினே இருந்துச்சு. அடி வாங்கினதுகூட இல்ல. நான் நம்பின சாமி இப்பிடிச் சொல்லுமான்றதுதான்."

நோயல் பையிலிருந்து வேதத்தை எடுத்தான். மல்கியாவின் அந்த வசனத்தை ஆரம்பத்திலிருந்து, அரைப்புள்ளியைத் தாண்டி, கடைசி வரை படித்தான். அவள் வலது காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு பேதுருவின் நிருபத்தில் தான் சொன்ன இடத்துக்கு ஆறு வசனம் தள்ளி இருந்ததையும் படித்தான். மனைவியை மதிப்போடு நடத்தாத புருஷனின் ஜெபம் தடைபட்டுப் போகும் என்று அங்கே இருந்தது.

"இதை ஏன் அன்னிக்கு படிக்கல?"

"அவசரம்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "தெரியும்ன்ற நெனப்பு" என்றான்.

ரயில் ஒன்று வீடு அதிரக் கடந்து போனது.

"தாவீது ஓடினாரே அண்ணா," என்றாள் ஜோதிகா. "அது பாவமா?"

"பாவம் இல்ல."

"எனக்கு அன்னிக்கே அது தோணிச்சு. உங்களவிட எனக்கு இன்னா தெரியப்போவுதுன்னு கேக்காம வுட்டுட்டேன்."

"எழுந்திரு, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றாள் டெய்சி. "அவரு வர்றதுக்குள்ள கெளம்பிடலாம்."

ஜோதிகா தலையசைத்தாள். "இல்லக்கா. அண்ணா சொன்னாருன்னு வந்தேன். அண்ணா சொன்னாருன்னு போவ மாட்டேன். எங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் குடுங்கோ."

ஜோதிகா டெய்சியின் போனில் தன் அம்மா சீனியம்மாளைக் கூப்பிட்டாள். காசிமேட்டில் மீன் விற்கும் சத்தத்துக்கு நடுவே, "அங்கியே இரு. தோ வந்துட்டேன்" என்ற குரல் மட்டும் கேட்டது. காசிமேட்டிலிருந்து எர்ணாவூருக்கு எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். ஜோதிகா ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். கல்யாணப் புடவையை எடுத்து, திரும்ப வைத்து, மறுபடி எடுத்துக்கொண்டாள். நோயல் வாசலுக்கும் சந்து முனைக்கும் நடந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தான்.

அம்மா வருவதற்கு முன்பு ஜெரால்டு வந்துவிட்டான். துறைமுக வாசலில் ஏதோ காகிதம் சரியில்லை என்று வரிசையை நிறுத்திவிட்டார்களாம். லாரியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு, யாரோ ஒருவன் பைக்கில் ஏறிச் சாப்பிட வந்திருந்தான். நோயலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணே! நம்ம வூட்டுக்கா? சொல்லியிருந்தா..." என்றவன் வாசலில் பையோடு நின்ற ஜோதிகாவைப் பார்த்தான். பிறகு டெய்சியைப் பார்த்தான். "இன்னா நடக்குது?"

"அவங்க அம்மா வர்றாங்க, ஜெரால்டு. அவங்களோட போறாங்க" என்றான் நோயல்.

"நீயாண்ணே? நீதானே சொன்ன, திரும்பிப் போகணும்னு?"

"சொன்னேன். பாதி வசனம் சொன்னேன்."

"பாதியா? இன்னா வெளையாடுறியா?" ஜெரால்டு செல்போனை எடுத்தான். தெருவே கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிப் பதிவை ஓடவிட்டான். 'சகோதரி, தள்ளிவிடுதலை...' என்று நோயலின் குரல் சந்து முழுவதும் கணீரென்று ஒலித்தது. பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தன் குரலை நோயல் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. தயக்கமே இல்லாத குரல். அடி வாங்கிய ஒருத்தியிடம் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லாத குரல். இரண்டு நிமிடம் நாற்பது நொடியும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். முடியட்டும் என்று காத்திருந்தான்.

"அது என் குரல்தான்" என்றான், எட்டிப் பார்த்தவர்களுக்கும் கேட்கும்படி. "ஆனா அது தப்பு. இந்தப் பொண்ணை அடிக்கறவன்கிட்ட திரும்பிப் போகச் சொல்லி வேதத்துல எங்கியும் இல்ல. அடிக்கறவனைத்தான் அது கண்டிக்குது. நான் அதை மறைச்சிட்டேன்."

ஜெரால்டு அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு தள்ளினான். நோயலின் தலை செங்கல்லில் இடித்தது. ஒரு நொடி எல்லாம் வெளுத்துப் போனது. டெய்சி கத்தினாள். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் இறங்கி வந்து ஜெரால்டின் கையைப் பிடித்தார். அவன் அவரையும் உதறினான்.

அப்போதுதான் சந்து முனையில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சீனியம்மாள் இறங்கினாள். அவளோடு மீன் விற்கும் பெண்கள் நாலு பேர் இறங்கினார்கள். மீன் செதில் ஒட்டிய கையும், தூக்கிச் செருகிய புடவையுமாக, வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. சந்தை அடைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். ஜெரால்டு சட்டையை விட்டான்.

"இன்னா மாப்ள," என்றாள் சீனியம்மாள், "அந்த ரெக்கார்டைப் போடேன், மறுபடி ஒருவாட்டி கேக்கலாம்."

ஜெரால்டு அவளைப் பார்க்கவில்லை. ஜோதிகாவைப் பார்த்தான். "ஜோதி, ஒரு வார்த்தை கேளு. இனிமே சத்தியமா..."

"காது கேக்கல" என்றாள் ஜோதிகா. கோபமாகச் சொல்லவில்லை. அவன் அவளுடைய இடது பக்கம் நின்றிருந்தான். பையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

ஆட்டோவில் ஏறும்போது சீனியம்மாள் நோயலைத் திரும்பிப் பார்த்தாள். "நீதானா நைனா அந்த வாத்தியாரு? இனிமே வாயத் தொறக்கறதுக்கு மின்னாடி ரெண்டு கேள்வி கேளு." டெய்சி அவர்களோடு மருத்துவமனைக்குப் போனாள். ஜோதிகாவின் காயத்தை மாடிப்படியில் விழுந்ததாக அல்லாமல், நடந்தபடியே எழுதவைத்தாள். அன்று சாயங்காலமே மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள்.

மறுநாள் நோயல் சபையின் போதகர் பொன்ராஜைப் பார்க்கப் போனான். தலையின் பின்புறம் இன்னும் வீங்கியிருந்தது. நடந்ததைச் சொல்லி, குழுவில் திருத்தம் போடப்போவதாகச் சொன்னான். பொன்ராஜ் நல்ல மனிதர். நோயலின் அப்பா சாகும்போது பக்கத்தில் இருந்தவர். கொஞ்ச நேரம் நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதிவை அழிச்சிடு நோயலு. அது போதும். எல்லார் முன்னாலயும் தப்புன்னு சொன்னா, அப்போ மத்த பதிலெல்லாம் சரியான்னு கேப்பாங்க. எளிய ஜனங்க விசுவாசம் ஆடிப்போயிடும்."

"கேக்கட்டும் ஐயா. எனக்கே அந்தச் சந்தேகம் வந்துடுச்சு."

"யோசிச்சிப் பண்ணு."

"யோசிக்காமப் பண்ணினதுதான் ஐயா இது."

பொன்ராஜ் மேற்கொண்டு தடுக்கவில்லை. ஆனால் வாசல் வரை வந்து வழியனுப்பவும் இல்லை.

நோயல் அன்று எடைமேடை அறையில் பதினொரு தடவை பதிவு செய்து பதினொரு தடவை அழித்தான். கணீர்க் குரல் தானாக வந்துவிடும். வந்ததும் நிறுத்திவிடுவான். கடைசியில் வீட்டில் பேசுவதுபோல் பேசினான். "செவ்வாக்கெழம ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கு நான் தப்பா பதில் சொல்லிட்டேன். பாதி வசனத்தைச் சொல்லிட்டு மீதிய வுட்டுட்டேன். அதனால அவங்களுக்கு அடிபட்டுச்சு. அடிக்கிற எடத்தை வுட்டுப் போறது பாவம் இல்ல. என்னை நம்பி யாராவது திரும்பிப் போயிருந்தா, தயவு செஞ்சி வெளிய வாங்கோ. என்னை மன்னிச்சிடுங்கோ." அதற்குப் பிறகு இரண்டு வேதபகுதிகளை முழுசாகப் படித்தான்.

சாயங்காலத்துக்குள் நூறு பேருக்கு மேல் குழுவை விட்டுப் போனார்கள். சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். குடும்பங்களைப் பிரிக்கிறவன் என்று ஒருவர் எழுதினார். ஜெரால்டு ஒன்றும் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவன் வண்டி அந்த எடைமேடைப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நோயலுக்குத் தனியாகப் பதினேழு செய்திகள் வந்தன. எல்லாம் பெண்களிடமிருந்து. ஒருத்தி ஏழு வருடங்களுக்கு முன்னால் வேறு ஒரு போதகரிடம் இதே கேள்வியைக் கேட்டதாக எழுதியிருந்தாள். நோயல் தனியாக எதற்கும் பதில் சொல்லவில்லை. டெய்சியும் அவனும் சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, முதலில் எங்கே இருக்கிறீர்கள், பத்திரமாக இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அதற்கே மூன்று வாரம் ஆனது. தினப் பதிவு நின்றுபோனது. ஏன் நின்றது என்று டிரைவர்கள் கேட்டால், "படிச்சிகினு கீறேன்" என்பான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை டெய்சி மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போனபோது நோயலும் கூடப் போனான். சீனியம்மாளுக்குப் பக்கத்தில் ஜோதிகா உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். வழக்கு நடக்கிறது, ஜெரால்டு சமாதானத்துக்கு ஆள் மேல் ஆள் அனுப்புகிறான், இடது காதில் கேட்பது பாதிதான் திரும்பியிருக்கிறது என்று சீனியம்மாள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஜோதிகா பக்கத்துச் சபைக்குப் போகிறாளாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறாளாம்.

"அண்ணா, ஒரு கேள்வி" என்றாள் ஜோதிகா, கை வேலையை நிறுத்தாமல்.

"கேளும்மா."

"அவரை மன்னிக்கணுமா?"

அவனுக்கு வசனம் தெரியும். ஏழெழுபது தரம் மன்னி என்பது. நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லவில்லை. ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ஐஸ் பெட்டி சுமப்பவன் வழிவிடச் சொல்லிக் கத்தினான். நோயல் ஓரமாக ஒதுங்கி, அவளுடைய வலது பக்கமாகப் போய்க் குந்தினான்.

"யார்னா உன்னைக் கட்டாயப்படுத்தறாங்களா?"

"வர்ற ஆளுங்க அல்லாரும் அதைத்தான் சொல்றாங்கோ. மன்னிச்சிட்டுப் போயிடுன்னு."

"அது ரெண்டு வேற வேற விஷயம், ஜோதிகா. மன்னிக்கச் சொல்லிகீது. அதை நான் இல்லன்னு சொல்ல முடியாது. மன்னிச்சா திரும்பிப் போயி ஆவணும்னு இல்ல. யோசேப்பை அண்ணனுங்க குழியில தள்ளி வித்தானுங்க இல்ல, அவரு மன்னிச்சாரு. ஆனா அவங்க எதிர்ல வந்து நின்னப்போ ஒடனே நான்தான் யோசேப்புன்னு சொல்லிடல. திரும்பத் திரும்ப சோதிச்சிப் பாத்தாரு. மாறிட்டாங்கன்னு தெரிஞ்ச அப்பாலதான் சொன்னாரு."

"அதுக்கு எத்தினி வருசம் ஆச்சு?"

நோயல் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். சரியா என்று இன்னொரு முறையும் கூட்டினான். "இருவத்திரெண்டு."

ஜோதிகா கையிலிருந்த இறாலை உரித்துத் தட்டில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"எனக்கு ரெண்டு மாசம்தான் ஆவுது" என்றாள்.